ஹூக்ளி நதியின் அங்கீகரிக்கப்பட்ட திசை

சௌந்தரம் இருபத்துநாலு வருஷமாக ஹூக்ளி நதியை வடக்கிலிருந்து தெற்கே ஓட வைத்துக்கொண்டிருந்தாள். நதியும் ஒருநாள்கூட மறுப்புச் சொன்னதில்லை. 2007ஆம் வருஷம் ஜனவரி பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை முதல், அது தெற்கிலிருந்து வடக்கே ஓட ஆரம்பித்தது. சால்ட் லேக் செயலகத்திலிருந்து அதற்கு முறைப்படி ஒப்புதல் வந்துவிட்டது.

கொல்கத்தாவில் கரியாஹாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சுபோதினி பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சௌந்தரம் பூகோள டீச்சர். வெள்ளைக்காரக் கம்பெனிகளில் குமாஸ்தா வேலைக்கு வந்த தமிழர்கள் தங்கள் பெண்களுக்காக என்றைக்கோ ஆரம்பித்த பள்ளி அது. இப்போது ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்தொரு பெண்கள். அவர்களில் தமிழ்ப் பெண்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வது வங்காள மொழியில்தான்.

கூட்டுக்கற்றல் இந்தப் பள்ளிக்கு வந்தது முந்தின வருஷம் ஜூலையில். இணையத்தில் விக்கி என்று ஒன்று இருக்கிறது, ஒரு பக்கத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஒருவர் தப்பாக எழுதினால் அடுத்தவர் திருத்தலாம், இப்படிப் பிள்ளைகள் சேர்ந்து எழுதிச் சேர்ந்து படித்தால் வகுப்பறையே மாறிவிடும் என்று எங்கோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் சால்ட் லேக்கில் நாலு மாடியில் ஒரு செயலகம் முளைத்தது. பெயர், இணையவழிக் கூட்டுக்கற்றல் செயலகம். 'யார் வேண்டுமானாலும்' என்ற இடம் மட்டும் செயலகத்துக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மற்றதெல்லாம் பிடித்திருந்தது.

திறப்பு விழாவுக்கு இயக்குநர் ஹிரண்மய் சமாத்தார் நேரில் வந்தார். நெட்டையான மனிதர். பேசும்போது கண்களை மூடிக்கொள்வார், கைதட்டலுக்கு மட்டும் திறப்பார். "இதுவரை அறிவு ஒரே திசையிலிருந்து, அதாவது கரும்பலகையிலிருந்து, வந்துகொண்டிருந்தது. இனிமேல் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும். அதனால்தான் வாசலில் ஆள் போட வேண்டியிருக்கிறது" என்றார். ஹெட்மாஸ்டர் ஸ்ரீனிவாசராகவன் முதல் ஆளாகக் கை தட்டினார். அவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தையும் கை தட்டியே கழித்துவிடலாம் என்று அவர் முடிவு பண்ணியிருந்தார்.

தையல் அறையைக் காலி செய்து அதில் ஒரு கணினியை வைத்தார்கள். ஏசி போட்டார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். மாணவிகள் விசைப்பலகையைத் தொடக் கூடாது. ஆசிரியைகளும் தொடக் கூடாது. தொடுவதற்கென்று செயலகமே தபன்தா என்ற டைப்பிஸ்டை அனுப்பியிருந்தது. கடவுச்சொல் அவரிடம் மட்டும்தான் உண்டு.

அப்படியானால் பிள்ளைகள் எப்படிக் கூடி எழுதுவது? அதற்கும் கையேட்டின் பதினாலாம் பக்கத்தில் வழி சொல்லியிருந்தது. வகுப்புத் தலைவி தபன்தாவின் வலது தோளில் கை வைத்துக்கொள்ள வேண்டும். அவள் தோளில் அடுத்தவள், அவள் தோளில் அதற்கடுத்தவள். இப்படி நாற்பத்தொரு பேரும் சங்கிலியாக நின்ற பிறகு தபன்தா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார். எழுத்து எல்லோருடைய தோள் வழியாகவும் வருவதால் எல்லோரும் சேர்ந்து எழுதியதாகக் கணக்கு. அறையில் இருபது பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் வராந்தாவில், கொளுத்துகிற வெயிலில் நின்று கூடி எழுதினார்கள். தபன்தாவுக்குக் கூச்சம் அதிகம் என்பதால் பல வாக்கியங்கள் பாதியில் நின்றன.

ஒரு வாக்கியம் பக்கத்தில் ஏற ஏழாம் எண் படிவத்தை மூன்று பிரதி எழுதவேண்டும். வகுப்பு ஆசிரியை கையெழுத்து, ஹெட்மாஸ்டர் கையெழுத்து, பிறகு சால்ட் லேக், அங்கே ஒப்புதல், திரும்பக் கரியாஹாட், கடைசியில் தோள் சங்கிலி. சராசரியாக முப்பத்துநாலு நாள் ஆகும் என்று செயலகமே பெருமையோடு அறிவித்தது. முன்னோடித் திட்டத்தில் நாற்பது நாள் ஆனதாம்.

'ஹூக்ளி வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது' என்ற வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவள் அனன்யா. ஆறு தமிழ்ப் பெண்களில் ஒருத்தி, கேள்வி கேட்காமல் ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவள். சௌந்தரம் அதைப் படித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். ஜனவரி பன்னிரண்டாம் தேதி அது ஒப்புதலோடு திரும்பி வந்தபோது திசைகள் இரண்டும் இடம் மாறியிருந்தன. பக்கத்தில் பச்சை மையில் 'சரிபார்த்துத் திருத்தப்பட்டது' என்று எழுதி, முத்திரையும் குத்தியிருந்தது.

சௌந்தரம் முதலில் சிரித்தாள். அதே உறையில் இருந்த சுற்றறிக்கையைப் படித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. மார்ச் மாத ஆண்டுத் தேர்வில், ஒப்புதல் பெற்ற பக்கத்தில் உள்ளதை எழுதினால்தான் மதிப்பெண் என்று போட்டிருந்தது. ஹூக்ளி பற்றிய ஐந்து மதிப்பெண் கேள்வி கட்டாயம். வகுப்பில் நாலைந்து பெண்களுக்கு அந்த ஐந்து போனால் பத்தாம் வகுப்பும் போச்சு. அதைவிட மோசம் ஒன்று இருந்தது. நாற்பத்தொரு பெண்களையும் நிற்க வைத்து, ஹூக்ளி வடக்கே ஓடுகிறது என்று அவளே ஒப்பிக்க வைக்க வேண்டும். தப்பித்தவறி உண்மையை எழுதுகிறவளுக்கு அவளே சிவப்பு மையில் சுழி போட வேண்டும்.

ஹெட்மாஸ்டரிடம் போனாள். அவர் சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்தார்.

"சௌந்தரம், நீங்க ஏன் இதைப் பெரிசா எடுத்துக்கறேள்? திசைதானே. அந்தப் பக்கம்னா அந்தப் பக்கம், இந்தப் பக்கம்னா இந்தப் பக்கம்."

"சார், ஆறு கடல்லேருந்து மலைக்குப் போறதுன்னு எழுதச் சொல்றேளா?"

"நான் எதையும் எழுதச் சொல்லலே. எனக்கு எட்டு மாசத்துல ரெண்டு மாசம்தான் பாக்கி. திருத்தணும்னா ஏழாம் நம்பர் இருக்கே, போட்டு விடுங்கோ."

அவள் ஏழாம் நம்பர் போட்டாள். அதைக் கணினியில் பதிவு செய்து எண் வாங்கினால்தான் சால்ட் லேக் ஏற்றுக்கொள்ளும். பதிவு செய்யப் போனால் அறையில் கணினி இருந்தது, விசைப்பலகை இல்லை.

"சரஸ்வதி பூஜை வருது, தீதிமொனி" என்றார் தபன்தா; டீச்சரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "விசைப்பலகையை அம்மா பாதத்துல வெச்சாச்சு."

சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைத் தொடக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஒருநாள் வழக்கம் அது. செயலகம் அதைப் படித்துப் பார்த்து, புத்தகத்துக்கு ஒருநாள் என்றால் எல்லாப் புத்தகத்தையும் உள்ளே வைத்திருக்கிற கணினிக்கு எத்தனை நாள் என்று ஒரு துணைக்குழு போட்டு, ஒன்பது நாள் என்று முடிவு செய்திருந்தது. முற்றத்துப் பந்தலில் மஞ்சள் பூவுக்கு நடுவே விசைப்பலகை சாமியாகி உட்கார்ந்திருந்தது. சந்தனம் பட்டு இரண்டு எழுத்துகள் மறைந்திருந்தன. சௌந்தரம் அதன் முன் கைகூப்பி நின்றாள். வேண்டிக்கொள்வதற்கு அவளுக்கு விஷயம் இருந்தது.

ஒன்பது நாள் காத்திருக்க அவளால் முடியவில்லை. அரைநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, சால்ட் லேக் போனாள்.

சமாத்தார் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் மேற்கு வங்காளத்தின் பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. பொழுது போகாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்த சௌந்தரத்துக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. வரைபடம் தலைகீழாக மாட்டியிருந்தது. கடல் மேலே, இமயமலை கீழே.

"மேல் கட்டை ஒடிஞ்சு போச்சு மேடம், மூணு வருஷம் ஆகுது" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த எழுத்தர். "கீழ்க் கட்டை நல்லா இருந்தது. அதுல கயிறு கட்டி மாட்டியாச்சு."

"இதைப் பார்த்தா ஹூக்ளியைத் திருத்தினீர்கள்?"

"ஆமாம். மேலே இருப்பது வடக்கு. கடல் மேலே இருக்கிறது. ஆறு கடலுக்குத்தானே போகும்?"

"எழுத்தெல்லாம் தலைகீழாக இருக்கிறதே!"

"பார்த்தேன். ஆனால் எழுத்து மொழிப்பிரிவு. நான் பூகோளப்பிரிவு."

சமாத்தார் அவளை மரியாதையாக உட்கார வைத்தார், டீ சொன்னார், வரைபடத்தைப் பற்றி அவள் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மேடம், வரைபடம் தலைகீழாக இருந்தால் அது தளவாடப் பிரச்சினை. அறிவுப் பிரச்சினை ஆகாது. பக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. ஒப்புதல் கொடுத்ததை நானே மாற்றினால் நாளைக்கு எந்தச் செய்தியை யார் நம்புவார்கள்?"

"ஆற்றைப் போய்ப் பார்த்தால் தெரியுமே சார்."

இதைச் சொன்னதற்காக அவள் பிற்பாடு தன்னையே நொந்துகொண்டாள். சமாத்தார் கண்ணைத் திறந்தார். அவருக்கு யோசனை பிடித்துவிட்டது. நேரடிச் சரிபார்ப்புக் கமிட்டி ஒன்று அங்கேயே பிறந்தது. பிப்ரவரி இரண்டாம் தேதி, காலை பதினொன்றரை மணி, பாபுகாட் படித்துறை. நதி அன்று எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுவே இறுதி.

சௌந்தரம் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள். அவள் கணவர் மஹாதேவன் துறைமுகத்தில் ஆற்று அளவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். ஹூக்ளியில் எந்த மணிக்கு எத்தனை அடி தண்ணீர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வேறு எதைக் கேட்டாலும் யோசிப்பார்.

"ஏன்னா, கமிட்டி நேர்லயே வந்து பார்க்கப் போறது. ரெண்டாம் தேதி, பதினொண்ணரைக்கு."

மஹாதேவன் தோசையை அப்படியே வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தார்.

"அன்னிக்குப் பௌர்ணமின்னா? பதினோரு மணிக்கே ஜோவார் ஏற ஆரம்பிச்சுடும். கடல் தண்ணி தள்ளிண்டு வரும். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஆறு பின்னாடிதான் போகும். உங்க கமிட்டி வந்து நிக்கறப்போ தண்ணி தெற்கே கிதர்பூர்லேருந்து வடக்கே பாக்பஜாரைப் பார்த்து ஓடிண்டிருக்கும்."

மறுநாள் காலை சௌந்தரம் செயலகத்துக்குப் போன் பண்ணி, நேரத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டாள். முடியாது, நாலு மணிக்கு டிரைவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்று பதில் வந்தது. ஆறு எந்த நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது மேடம், கார் அப்படி இல்லை என்று அந்த ஆள் பொறுமையாக விளக்கவும் செய்தார்.

பிப்ரவரி இரண்டாம் தேதி பாபுகாட்டில் மாக பௌர்ணமி ஸ்நானத்துக்குக் கூட்டம் நெரிந்தது. அதற்கு நடுவே கோட்டுப் போட்ட கமிட்டி படியில் இறங்கியது. சமாத்தார், இரண்டு துணை இயக்குநர்கள், பூச்செண்டோடு ஸ்ரீனிவாசராகவன், மூன்று முத்திரைகளும் மைப்பெட்டியும் தாங்கிய தபன்தா, கடைசியில் சௌந்தரம். மஹாதேவன் சொன்னதில் ஒரு நிமிஷம் பிசகவில்லை. ஆகாயத்தாமரைக் கொத்துகளும் யாரோ விட்ட சாமந்தி மாலைகளும் அவர்கள் கண்ணெதிரே, கொஞ்சமும் வெட்கமில்லாமல், வடக்கே போய்க்கொண்டிருந்தன.

"மிதக்கும் பொருள் முறை" என்று அறிவித்துவிட்டு, ஹெட்மாஸ்டர் கொடுத்த பூச்செண்டைச் சமாத்தார் நீரில் போட்டார். பூச்செண்டு வடக்கே போயிற்று. துணை இயக்குநர் ஒருவர் திசைகாட்டியைப் பார்த்துச் சொன்னார். இன்னொருவர் எழுதிக்கொண்டார்.

"சார், இது ஜோவார்" என்றாள் சௌந்தரம். "இரண்டு மணி நேரம் பொறுத்தால் தண்ணீர் திரும்பும். உங்கள் பூச்செண்டே திரும்பி வரும்."

"மேடம், கண்ணெதிரே சாட்சி இருக்கும்போது எதிர்காலத்தைப் பற்றிப் பேசக் கூடாது."

இடுப்பளவு தண்ணீரில் நின்று குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "திரும்பும் பாபு, தினம் இரண்டு தடவை திரும்புகிறது. இதெல்லாம் குழந்தைக்கும் தெரியும்" என்றார்.

சமாத்தார் தபன்தாவைப் பார்த்தார். "இவர் பயனர் பட்டியலில் இருக்கிறாரா?"

"இல்லை சார்."

"அப்படியானால் இவர் சொன்னதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்."

படித்துறையிலேயே அறிக்கை தயாரானது. 'நேரில் கண்டவர்' என்ற இடத்தில் சௌந்தரமும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்த்தாயா என்று கேட்டால் பார்த்தது உண்மைதான். போட்டாள். வாழ்க்கையில் அதற்கு முன் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இது ஒன்றுதான் கையில் ஒட்டிக்கொண்டது. இருபத்துநாலு வருஷச் சர்வீஸில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனாள். கரும்பலகையில் 'ஹூக்ளி' என்று எழுதினாள். அதற்குமேல் சாக்பீஸ் நகரவில்லை. வடக்கு என்று எழுத மனம் வரவில்லை. தெற்கு என்று எழுத அவளுடைய கையெழுத்தே குறுக்கே நின்றது.

"மிஸ், எந்தப் பக்கம்?" என்றாள் அனன்யா.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் சௌந்தரம். சாக்பீஸை மேஜையில் வைத்தாள். "எனக்குச் சொல்ல யோக்கியதை இல்லை. ஆறு மூன்று மைல் தூரத்தில்தான் இருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்."

வகுப்பு முடிகிறவரை கரும்பலகையில் 'ஹூக்ளி' மட்டும் இருந்தது.

தேர்வு மார்ச் பதினாலாம் தேதி நடந்தது. விடைத்தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்து, சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் தாளைப் பிரித்தாள். ஹூக்ளி கேள்விக்கு எழுதியிருந்த விடை இது:

'செயலகத்தின் கமிட்டி வந்து பார்க்கும் நேரத்தில் ஹூக்ளி தெற்கிலிருந்து வடக்கே ஓடும். ஜோவார் முடிந்து கமிட்டி காரில் ஏறியதும் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். ஒரு நாளின் பெரும்பகுதியில் கமிட்டி இருப்பதில்லை.'

சௌந்தரம் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாவது தாளைப் பிரித்தாள். அதே விடை, எழுத்துப் பிசகாமல். மூன்றாவதும் அதே. ஏழாவது தாளில் சிரிப்பு நின்றது. நாற்பத்தொன்றாவது வரை அதே விடை. நாற்பத்தொரு தாளிலும் ஐந்துக்கு ஐந்து போட்டு, கீழே கையெழுத்தும் போட்டாள்.

காலையில் அனன்யாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவள் பையிலிருந்து, கரியாஹாட் இணையக் கடையில் அச்செடுத்த பதினெட்டுப் பக்கங்களை எடுத்து நீட்டினாள்.

"ஆர்குட்ல ஒரு கம்யூனிட்டி வெச்சிருக்கோம் மிஸ். நீங்க போய்ப் பாருங்கன்னு சொன்னேளே, அன்னிக்கு ஆரம்பிச்சது. க்ளாஸ்ல எல்லாரும் இருக்கா."

சௌந்தரம் படித்தாள். ஹௌராவிலிருந்து தினமும் படகில் வருகிறவள் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் போயிற்று என்று எழுதியிருந்தாள். பாக்பஜாரில் வீடு உள்ளவள் அது தப்பு என்று சண்டைக்கு வந்திருந்தாள். மறுநாள் அவளே, மன்னிச்சுக்கோ, நான் பார்த்தது பத்து மணிக்கு என்று திருத்தியிருந்தாள். ஒருத்தி ஆகாயத்தாமரையைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். ஒருத்தி பௌர்ணமியையும் அமாவாசையையும் சேர்த்துப் பார்த்து அட்டவணை போட்டிருந்தாள். அதில் மூன்று இடத்தில் மூன்று பேர் தப்புக் கண்டுபிடித்திருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி, சந்திரனுக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கியிருந்தாள். கடைசியில் விடையை எப்படி எழுதுவது என்று ஓட்டுப் போட்டிருந்தார்கள். கமிட்டி பற்றிய கடைசி வாக்கியம் மட்டும் இருபத்தொன்றுக்கு இருபது என்ற கணக்கில் ஜெயித்திருந்தது. இந்தப் பதினெட்டுப் பக்கத்தில் இருந்ததில் பாதியைச் சௌந்தரம் சொல்லிக் கொடுத்ததே இல்லை. பக்கங்களை அடுக்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஸ்ரீனிவாசராகவன் அதைப் படிக்கவில்லை, விடைத்தாள்களைத்தான் பார்த்தார். நாற்பத்தொரு தாளும் ஒன்றுபோல இருப்பதைக் கண்டதும், ஓய்வு பெறப் பதினேழு நாள் இருக்கையில் அவர் செய்யக் கூடியதைச் செய்தார். செயலகத்துக்கு எழுதிவிட்டார். நாலாம் நாள் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றம்: மாணவியர் கூட்டாகக் கற்றது.

சால்ட் லேக்கில் விசாரணை. வெளிச்சுவரில் வரைபடத்தைக் காணோம். ஆணி மட்டும் இருந்தது.

"நாற்பத்தொரு பேர் சேர்ந்து ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள்" என்றார் சமாத்தார். "எங்கள் விதியில் இதற்கு ஒரே பெயர்தான். காப்பி."

"உங்கள் செயலகத்தின் பெயரே கூட்டுக்கற்றல் செயலகம் இல்லையா சார்?"

"அது பெயர்ப் பலகைக்காக வைத்தது, மேடம்."

சௌந்தரம் பதினெட்டுப் பக்கங்களையும் மேஜையில் வைத்தாள். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார்.

"இதற்கெல்லாம் யார் ஒப்புதல் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கவில்லை. ஒருத்தி தப்பாக எழுதினால் இன்னொருத்தி திருத்தியிருக்கிறாள்."

"எத்தனை நாளில்?"

"சில திருத்தம் பத்து நிமிஷத்தில்."

"பார்த்தீர்களா" என்று அவர் இரண்டு துணை இயக்குநர்களையும் திரும்பிப் பார்த்தார். "இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து பயந்தேன். வாசலில் ஆள் இல்லாவிட்டால் இதுதான் நடக்கும். எல்லோரும் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அப்புறம் நாம் எதற்கு?"

தான் சொன்னதில் ஏதோ சரியில்லை என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். உடனே பதினோராம் எண் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். 'விடையை முதலில் அறிந்த மாணவியின் பெயர் (ஒருவர் மட்டும்)' என்று ஒரு கட்டம். அந்த ஒருத்தியைத் தண்டித்துவிட்டால் மற்ற நாற்பது பேரும் அவளைப் பார்த்து எழுதியவர்கள் ஆகிவிடுவார்கள், கோப்பை மூடிவிடலாம்.

சௌந்தரம் அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அதற்குக் கீழே, 'எவ்வாறு தெரிய வந்தது' என்ற கட்டத்தில் எழுதினாள்: 'ஆறு எல்லோரும் பார்க்கும்படியாக வெட்டவெளியில் ஓடுகிறது.' கையெழுத்துப் போட்டாள். இந்தக் கையெழுத்து கையில் ஒட்டவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து ஆணை வந்தது. நதியின் திசை தொடர்பாக ஒருமித்த கருத்து ஏற்படும் வரை ஹூக்ளி நதி பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறது. இல்லாத நதியைப் பற்றிக் கேள்வி கேட்டது பிழை என்பதால் எல்லோருக்கும் அந்த ஐந்து மதிப்பெண் வழங்கப்படுகிறது. திருமதி சௌந்தரம் பூகோளத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, நீதிபோதனை வகுப்புக்கு மாற்றப்படுகிறார்.

நாற்பத்தொரு பெண்களும் பத்தாவது போனார்கள். நீதிபோதனையில் முதல் பாடம், உண்மையே பேசு. ஆர்குட் கம்யூனிட்டியில் எட்டாம் வகுப்பும் சேர்ந்து, எண்ணிக்கை நூற்றுப் பதினேழு ஆயிற்று. ஜோவார் நேரம் போட்டுக் கொடுக்க மஹாதேவனையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர் போட்ட நேரம் ஒன்றை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பன்னிரண்டு நிமிஷம் திருத்தினாள். அவர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார்.

ஜூன் மாதம் ஒருநாள் சௌந்தரம் தையல் அறைப் பக்கம் போனபோது தபன்தா கூப்பிட்டார்.

"தீதிமொனி, இதைக் கொஞ்சம் பாருங்க."

ஒப்புதல் பெற்ற பக்கத்தில் ஹூக்ளி என்ற சொல் வந்த இடமெல்லாம் எடுக்கப்பட்டிருந்தது. முதல் வரி இப்படி இருந்தது: 'கொல்கத்தா நகரம் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது.'

"எதோட கரை தீதிமொனி? படிக்கறவங்க கேக்க மாட்டாங்களா?"

"எனக்கெப்படித் தெரியும் தபன்தா? நான் இப்போ நீதிபோதனை டீச்சர்."

தபன்தா தலையைச் சொறிந்தார். வராந்தாவை எட்டிப் பார்த்தார். பிறகு, பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, கடவுச்சொல் போட்ட கணினியைத் திறந்த வாக்கில் விட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நான் போய் டீ குடிச்சிட்டு வரேன். பத்து நிமிஷம் ஆகும்."

சௌந்தரம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். விசைப்பலகையில் இரண்டு எழுத்துகளின்மேல் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் தோளில் யாரும் கை வைக்கவில்லை. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டி, கரைக்கு முன்னால் ஹூக்ளியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். கையோடு கையாக, அது வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது என்றும் தினம் இரண்டு தடவை திரும்புகிறது என்றும் ஒரு வரி சேர்த்தாள்.

அந்த வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது. செயலகத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தை அவர்கள் ஒருநாளும் படித்ததில்லை.